குழந்தை தொடாத கார்டு

பழைய ஜப்பானிய விளையாட்டு கார்டுகளைத் தேடி உலகமே அலைகிறது. எதற்கு இந்த விலை?

1996 அக்டோபர் 20. ஜப்பானியக் கடைகளில் 'போக்கிமான்' என்ற புதிய விளையாட்டு கார்டு விற்பனைக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு: 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். மேல்பாதியில் ஒரு விநோத ஜந்துவின் படம். கீழ்ப்பாதியில் அது எப்படித் தாக்கும், எவ்வளவு அடி தாங்கும் என்ற விவரம். வலது கீழ் மூலையில் ஓர் எண். அவ்வளவுதான்.

அடுத்து வந்த அச்சுகளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவு குறி ஒன்று சேர்ந்தது. சாதாரண கார்டுக்கு வட்டம், சற்று அரிதானதற்குச் சாய்சதுரம், அரிதானதற்கு நட்சத்திரம். வாங்கிய பிள்ளைகள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது படமும் பலமும்தான். இன்று ஒரு சேகரிப்பாளர் கையில் அதே கார்டைக் கொடுத்துப் பாருங்கள். பளபளக்கும் டிராகனை விட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த மூலையைத்தான் பார்ப்பார். நட்சத்திரம் இருந்தால் பின்னால் வந்த அச்சு. இல்லாவிட்டால் முதல் அச்சு. விலை பல மடங்கு.

இல்லாத நட்சத்திரத்துக்குப் பணம் கொடுக்கிற வியாபாரம் இது. உள்ளே போகப் போக இன்னொன்றும் புரிகிறது. இங்கே எல்லா விலையும் ஏதோ ஒன்று இல்லாததற்குத்தான். கீறல் இல்லை, மூலை மடங்கவில்லை, வெயில் படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குழந்தையின் கை படவில்லை. விளையாடுவதற்கென்றே அச்சடித்த பொருள். அதை வைத்து யாரும் விளையாடவே இல்லை என்பதற்குத்தான் உச்ச விலை.

கப்பலில் வந்த சீட்டு

கார்டு மீதான ஜப்பானியர்களின் மோகம் போக்கிமானோடு தொடங்கியதல்ல. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கப்பல்கள் துப்பாக்கியோடு சீட்டுக்கட்டையும் கொண்டுவந்து இறக்கின. 'கார்தா' என்ற போர்ச்சுகீசியச் சொல் ஜப்பானிய நாக்கில் 'கருதா' ஆனது. நம்முடைய 'கடுதாசி'யும் அதே மாலுமிகள் விட்டுச்சென்ற சொல் என்றுதான் சொல்லாராய்ச்சி சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் சீட்டாடுவதையே 'கடதாசி விளையாடுவது' என்பார்கள். கருதாவும் கடதாசியும் ஒருவகையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

சீட்டு வந்தால் சூதும் வரும். தொக்குகாவா ஆட்சியாளர்கள் தடை போட்டார்கள். தடை விழுந்ததும் மக்கள் படத்தை மாற்றினார்கள். புதிய சீட்டுக்கும் தடை வந்தது. மறுபடி படம் மாறியது. இந்தப் பூனை-எலி விளையாட்டின் முடிவில் நிலைத்தது 'ஹனாஃபுடா' என்ற பூச்சீட்டு. அதில் எண்களே கிடையாது. பன்னிரண்டு மாதங்கள், மாதத்துக்கு ஒரு செடியோ மரமோ, ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு, ஆக மொத்தம் 48. ஜனவரிக்குப் பைன், மார்ச்சுக்குச் செர்ரி. எண்ணைப் பார்த்துப் பிடிக்க வந்த காவலனிடம் பூவைக் காட்டித் தப்பித்த சீட்டு.

அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் தடை தளர்ந்தது. 1889-ல் கியோட்டோவில் ஃபுசாஜிரோ யாமவுச்சி என்பவர் பூச்சீட்டு செய்து விற்க ஒரு கடை தொடங்கினார். அதன் பெயர் நின்டெண்டோ. இன்று வீடியோ கேமுக்காக உலகமே அறிந்த அதே நின்டெண்டோதான். பூச்சீட்டை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. 1902-ல் அரசாங்கம் சீட்டுக்கு வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக வில்லை ஒட்டவேண்டும். வரியைத் தாங்க முடியாமல் பல சிறு பட்டறைகள் மூடிக்கொண்டன. பழைய பூச்சீட்டு சேகரிப்பவர்களுக்கு அந்த வரிவில்லை இன்று ஒரு வரம். கட்டின் வயதைக் கணிக்க அது உதவுகிறது.

பெரியவர்களுக்குப் பூச்சீட்டு என்றால் பிள்ளைகளுக்கு 'மென்கோ'. முதலில் களிமண், பிறகு ஈயம், பிறகு தடித்த காகிதம். தரையில் கிடக்கும் எதிராளியின் மென்கோவுக்குப் பக்கத்தில் தன்னுடையதை ஓங்கி அடிக்க வேண்டும். எழும் காற்றில் அது புரண்டால், புரண்டது அடித்தவனுக்கு. சாமுராய், மல்யுத்த வீரர், சினிமா நடிகர் என்று காலத்துக்கேற்ற முகங்கள் அதில் அச்சாகின. புழுதியில் அடித்து விளையாடும் பொருள் எத்தனை நாள் மூலை மடங்காமல் இருக்கும்? விளையாட்டு என்றாலே தேய்மானம் என்ற கணக்கு அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

தின்பண்டம் சாக்கடைக்கு, கார்டு சட்டைப்பைக்கு

1971-ல் கால்பீ நிறுவனம் 'காமென் ரைடர்' என்ற தொலைக்காட்சி நாயகனின் பெயரில் ஒரு நொறுக்குத்தீனி போட்டது. விலை 20 யென். ஒரு பாக்கெட் வாங்கினால் நாயகனின் படம் போட்ட கார்டு ஒன்று இலவசம். பிள்ளைகள் கார்டை எடுத்துக்கொண்டு தீனியைத் தெருவில் எறிந்தார்கள். ஊரெங்கும் பிரிக்காத பாக்கெட்டுகள் கிடந்தன. போர்க்காலப் பஞ்சத்தை அனுபவித்த தலைமுறை அதைப் பார்த்துப் பதறியது. செய்தித்தாள்களில் அது சமூகப் பிரச்சினை ஆனது.

அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. சில பாக்கெட்டுகளுக்கு 'லக்கி கார்டு' கிடைக்கும். அதை நிறுவனத்துக்கு அனுப்பினால் கார்டுகளை அடுக்கிவைக்க ஓர் ஆல்பம் வரும். ஆசைப்பட்ட பிள்ளைகள் அனுப்பிவிட்டார்கள். அதனால் இன்று ஆல்பத்தைவிட அனுப்பாமல் போன லக்கி கார்டைத் தேடுபவர்கள் அதிகம். சோம்பேறித்தனத்துக்கோ மறதிக்கோ ஐம்பது ஆண்டு கழித்துப் பரிசு கிடைப்பது இந்தத் துறையில்தான் நடக்கும்.

1973-ல் கால்பீ அதே உத்தியைப் பேஸ்பாலுக்குக் கொண்டுபோனது. முதல் எண் கார்டு, நாடே கொண்டாடிய ஷிகெயோ நாகஷிமா. 1985-ல் லோட்டே நிறுவனத்தின் 'பிக்குரிமான்' சாக்லேட்டில் தேவர்களுக்கும் அசுரர்களுக்குமான போரைச் சொல்லும் ஒட்டுப்படங்கள் வந்தன. 30 யென் சாக்லேட் மறுபடியும் குப்பைக்குப் போனது. மினுமினுக்கும் படம் வேண்டுமென்று பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். 1988-ல் நியாய வர்த்தக ஆணையமே தலையிட வேண்டியதாயிற்று.

பிக்குரிமானைப் பார்த்துத்தான் விமர்சகர் எய்ஜி ஓட்சுகா 1989-ல் ஒரு கோட்பாட்டையே எழுதினார். பிள்ளைகள் வாங்குவது சாக்லேட்டும் அல்ல, ஒட்டுப்படமும் அல்ல என்றார் அவர். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு பெருங்கதையின் சிறு துண்டு இருக்கிறது. துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து முழுக் கதையையும் கட்டியெழுப்பும் ஆசைதான் வியாபாரமாகிறது. சேகரிப்பவர் ஏன் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம்.

1988-ல் பந்தாய் நிறுவனம் இனிப்பையே கழற்றிவிட்டது. 'கார்டாஸ்' என்று ஓர் இயந்திரம். 20 யென் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் கார்டு வெளியே வரும். டிராகன் பால், குண்டம் என்று அந்தக் காலப் பையன்களின் தெய்வங்கள் எல்லாம் அந்த இயந்திரத்தில் குடியிருந்தன. பெட்டிக்கடை வாசலில் நின்று திருகிய அந்தக் கைகள்தான் இன்று நாற்பது, ஐம்பது வயதில் ஏலத்தில் விலை கேட்கின்றன.

பூச்சி பிடித்த பையன்

டோக்கியோவின் புறநகர் மச்சிடா. 1965-ல் பிறந்த சதோஷி தஜிரி அங்கே வயலிலும் குளத்திலும் பூச்சி பிடித்துத் திரிந்த பையன். கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'பூச்சி டாக்டர்'. அவன் வளர்வதற்குள் வயல்கள் கட்டடங்களாயின, குளங்கள் மூடப்பட்டன. 'கேம் பாய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியது. அந்தக் கற்பனை விளையாட்டாக ஆறு ஆண்டு பிடித்தது. 1996 பிப்ரவரி 27-ல் போக்கிமான் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. ஒன்றில் இருக்கும் சில ஜந்துகள் மற்றதில் இருக்காது. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டுமானால் நண்பனோடு பண்டமாற்று செய்தே தீரவேண்டும். தனியாக ஜெயிக்க முடியாத விளையாட்டு.

அந்த ஆண்டிலேயே 'கோரோகோரோ காமிக்' என்ற சிறுவர் பத்திரிகை, யாரும் பிடிக்க முடியாத 'மியூ' என்ற ரகசிய ஜந்துவை 20 பேருக்கு மட்டும் தருவதாக அறிவித்தது. விண்ணப்பித்தவர்கள் 78,000 பேர். ஆசையின் அளவு தெரிந்துபோனது.

இந்தப் பண்டமாற்றைத் திரையிலிருந்து மேஜைக்கு இறக்கியவர் கிரியேச்சர்ஸ் நிறுவனத்தின் சுனேகசு இஷிஹாரா. 1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு விளையாட்டு அதற்குள் பெரியவர்களைப் பித்துப்பிடிக்க வைத்திருந்தது. இஷிஹாராவின் குழு அதைப் பிள்ளைகளுக்கேற்ப எளிமையாக்கியது. மீடியா ஃபேக்டரி வெளியிட்டது. 102 கார்டுகள். கென் சுகிமோரி, மிட்சுஹிரோ அரிதா, கெய்ஜி கினெபுச்சி ஆகியோர் வரைந்தார்கள். அரிதா வரைந்த நெருப்பு டிராகன்தான் 'லிசார்டோன்', ஆங்கிலத்தில் சாரிசார்ட். உலகில் அதிகம் பேர் ஏங்கிய கார்டு எது என்று கேட்டால், சேகரிப்பாளர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் அதுதான்.

பின்னாலேயே வந்தது 'யு-கி-ஓ!'. கசுகி தகஹாஷியின் மாங்கா கதையில் கார்டு விளையாட்டு முதலில் ஓரிரு அத்தியாயத்துக்கு மட்டும் எழுதப்பட்ட சமாசாரம். வாசகர் கடிதங்கள் குவிந்ததும் கதையே அதைச் சுற்றித் திரும்பியது. 1998-ல் பந்தாயும், 1999 பிப்ரவரியில் கொனாமியும் கார்டுகள் வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ டோமில் நடந்த போட்டிக்கு, அங்கே மட்டும் விற்கப்படும் கார்டுக்காகப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். சரக்கு போதவில்லை, கூட்டம் கொந்தளித்தது. பிள்ளைகள் விளையாட்டு என்று அதற்குப் பிறகு யாரும் அலட்சியமாகச் சொல்லவில்லை.

முதுகு மாறிய நாள்

ஜப்பானியச் சேகரிப்பாளர்களின் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'கியூ-உரா'. பழைய முதுகு என்று பொருள். 1996-லிருந்து 2001 வரை வந்த ஜப்பானியப் போக்கிமான் கார்டுகளின் பின்பக்கம் ஒரு வடிவம். பிறகு வந்தவற்றுக்கு வேறு வடிவம். சீட்டாட்டத்தில் முதுகு வேறுபட்டால் என்ன ஆகும் என்று சீட்டாடிய எவருக்கும் தெரியும். கட்டில் கவிழ்த்துவைத்தாலே எது என்ன என்று தெரிந்துவிடும். எனவே அதிகாரபூர்வப் போட்டிகளில் பழைய முதுகுக்கு இடமில்லை.

ஒரே நாளில் கோடிக்கணக்கான கார்டுகள் வேலை இழந்தன. பையன்கள் புதிய கட்டுக்கு மாறினார்கள், அல்லது வளர்ந்து வேறு பக்கம் போனார்கள். பழையவை பிஸ்கட் டப்பாவுக்குள், அலமாரியின் அடித்தட்டுக்குள் போயின. பல வீடுகளில் பழைய பேப்பரோடு சேர்ந்து கழிந்தன. விளையாட முடியாமல் போனதுதான் அவை பழம்பொருளாவதற்கு முதல் படி. ஓய்வுபெற்ற பிறகு மதிப்பு ஏறிய ஊழியர்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

கியூ-உரா கார்டுகளைச் சேர்ப்பதில் இன்னொரு சிரமமும் உண்டு. மூலையில் இருப்பது அந்த ஜந்துவின் எண். தொகுப்பில் எத்தனையாவது கார்டு என்ற கணக்கு அதில் இல்லை. எது எந்தத் தொகுப்பு, எது பத்திரிகையோடு வந்தது, எது 1998-ல் இயந்திரத்தில் தாளாக வந்து பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது என்பதையெல்லாம் நினைவிலிருந்தோ பழைய இதழ்களிலிருந்தோதான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் அசல் சேகரிப்பாளரின் அலமாரியில் கார்டுகளுக்குப் பக்கத்தில் பழைய கோரோகோரோ இதழ்களும் அடுக்கியிருக்கும்.

படம் வரைந்ததற்குப் பரிசு

கடையில் கிடைத்தவை ஒருபுறம் இருக்க, கடைக்கே வராதவை சில உண்டு. 1997 ஜூனில் டோக்கியோ அருகே மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் நடந்த முதல் அதிகாரபூர்வப் போட்டியில் வென்றவர்களுக்குக் கோப்பையேந்திய 'பிக்காச்சு' என்ற ஜந்துவின் கார்டு கொடுத்தார்கள். 1998-ல் பெற்றோரும் பிள்ளையும் ஜோடியாக ஆடும் போட்டி நடந்தது. அதில் சாதித்த ஜோடிகளுக்குக் கொடுத்தது, வயிற்றுப்பையில் குட்டியைச் சுமக்கும் 'கருரா'வின் கார்டு. அப்பாவும் பையனும் சேர்ந்து ஜெயித்து வாங்கிய அந்தக் கார்டு இன்று ஏலத்துக்கு வரும்போதெல்லாம், அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்'. 1997, 98-ல் கோரோகோரோ காமிக் நடத்திய ஓவியப் போட்டிகளின் பரிசு அது. பிக்காச்சுவை முதன்முதலில் உருவமைத்த அட்சுகோ நிஷிடாவே வரைந்த படம். தூரிகையும் பேனாவும் பிடித்த பிக்காச்சு. வேறு கார்டுகளில் 'டிரெய்னர்' என்று இருக்கும் இடத்தில் இதில் 'இல்லஸ்ட்ரேட்டர்' என்று இருக்கும். உங்கள் ஓவியம் சிறந்தது, நீங்கள் ஓர் ஓவியர் என்று சான்றளிக்கும் வாசகம் கீழே. அதிகாரபூர்வமாகக் கொடுத்தவை 39. பிறகு மேலும் இரண்டு வெளிவந்தன.

அதை வைத்து விளையாட முடியாது. அது ஒரு பிள்ளையின் படத்துக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம். தரநிர்ணயத்தில் முழுதாகப் பத்துக்குப் பத்து வாங்கிய ஒரு பிரதியை 2021-ல் அமெரிக்க யூடியூபர் லோகன் பால் 52,75,000 டாலர் மதிப்பில் வாங்கினார், அப்போது அது கின்னஸ் சாதனை. 2022 ஏப்ரலில் டெக்சாஸில் நடந்த ரெஸில்மேனியா மல்யுத்தத்துக்கு அதைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரித்தார்கள். ஏதோ ஒரு ஜப்பானியப் பள்ளிக்கூடப் பிள்ளை மேஜைமேல் குனிந்து வண்ணம் தீட்டியதற்குக் கிடைத்த கூலி, மல்யுத்தக்காரர் மார்பில் ஆடியது.

ஷிரோகாகே என்னும் வெள்ளைக் கறை

டோக்கியோவில் நகானோ ரயில் நிலையத்தில் இறங்கி, கூரை போட்ட கடைத்தெரு வழியே நடந்தால் அதன் முடிவில் நகானோ பிராட்வே. 1966-ல் கட்டிய வணிக வளாகம். 1980-ல் மாங்கா ஓவியர் மசுசோ ஃபுருகாவா இங்கே ஒரு சின்னப் பழைய புத்தகக் கடை போட்டார். அதுதான் இன்று பல கடைகளாகப் பரந்து கிடக்கும் 'மண்டராக்கே'. கண்ணாடிப் பேழைக்குள் கார்டுகள் நகைக்கடைச் சங்கிலிகள்போல் வரிசையாக நிற்கும். அகிஹபாராவில் ரேடியோ கைக்கான் கட்டடத்தின் மாடிகளிலும் இதே காட்சி. ரேடியோ உதிரிபாகத்துக்குப் பேர்போன கட்டடத்தில் இன்று கார்டு தேடி ஏறுகிறார்கள்.

பேழைக்குள் இருப்பவை பார்ப்பதற்கு. கையால் துழாவ வேண்டுமானால் 'ஸ்டோரேஜ்' பெட்டிகள் உண்டு. சில பத்து யென்னுக்கு ஒன்று என்று நீளநீளப் பெட்டிகளில் கார்டுகளைக் குத்திட்டு அடுக்கியிருப்பார்கள். முதுகு வளையக் குனிந்து, ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் மௌனமான மனிதர்கள் எந்நேரமும் அங்கே இருப்பார்கள். நம் ஊர்ப் பழைய புத்தகக் கடை நடைபாதையை அறிந்தவர்களுக்கு அந்தக் குனிவு பரிச்சயமானது.

இவர்களுக்கென்று ஒரு பரிபாஷை. பளபளப்பான கார்டு 'கிரா'. நல்ல நிலையில் இருந்தால் 'பிஹின்'. ஓரம் தேய்ந்து உள்ளிருக்கும் வெள்ளைத்தாள் எட்டிப்பார்த்தால் 'ஷிரோகாகே'. ஒரு பொட்டளவு ஷிரோகாகே போதும், விலை பாதியாகச் சரிந்துவிடும். அந்த வெள்ளைப் பொட்டு எப்படி வருகிறது? கலைத்துக் கலைத்து அடுக்கினால் வரும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினால் வரும். ரப்பர் பேண்ட் போட்டால் வரும். சுருக்கமாக, ஒரு பையன் அந்தக் கார்டை நேசித்தால் வரும்.

பத்துக்குப் பத்து

1991-ல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் கார்டுக்கு மதிப்பெண் போடுகின்றன. மூலை நான்கும் கூரா, ஓரம் சுத்தமா, மேற்பரப்பில் கீறல் உண்டா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து ஒன்று முதல் பத்து வரை. பிறகு கனத்த பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து முத்திரை வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தக் கார்டை யாரும் தொட முடியாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விலையில் தெரியும்.

கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைபட்டவர்கள் பரணைக் கிளறினார்கள். டப்பாக்கள் திறந்தன. 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. ஒரு கோடிக்கும் மேல் தேங்கிய கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் புதிதாக வாங்குவதைப் பெருமளவில் நிறுத்திவைத்தது. ஜப்பானில் புதிய பெட்டி வந்தால் குலுக்கல் முறையில் விற்க வேண்டிய நிலை. வாங்கி மறுவிலைக்கு விற்கும் 'தென்பாய்' கும்பலைத் தடுக்க, சில கடைக்காரர்கள் பெட்டியின் மேலுறையைத் தாங்களே கிழித்துக் கொடுத்தார்கள். உறை பிரியாத பெட்டிக்குத்தானே மறுவிலை! கார்டுக் கடைகளின் கண்ணாடியை உடைத்துத் திருடுவதும் செய்திகளில் வரத் தொடங்கியது.

ஒரு முரண்பாட்டையும் பார்த்துவிடலாம். 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மட்டும் உலகம் முழுக்க அச்சான போக்கிமான் கார்டுகள் 1,190 கோடி. தொடக்கத்திலிருந்து அதுவரை 6,480 கோடி. மனிதர்கள் தலைக்கு எட்டு கார்டு. காகிதத்துக்கு ஒரு பஞ்சமும் இல்லை. பஞ்சம், சிறுவர்கள் கையிலிருந்து தப்பிய காகிதத்துக்குத்தான்.

மஞ்சள் புள்ளி சொன்ன உண்மை

விலை இருக்கும் இடத்துக்குப் போலியும் வரும். மூடிய பழைய பாக்கெட்டுகளில் 'சாச்சி' என்ற தந்திரம் உண்டு. பளபளப்புத் தகடு உள்ள கார்டு இருந்தால் பாக்கெட் இம்மியளவு கனக்கும். நுண்தராசில் நிறுத்து, கனமானவற்றை எடுத்துக்கொண்டு, வெற்றுப் பாக்கெட்டுகளைச் சந்தையில் விட்டுவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று 2025 தொடக்கத்தில் வெடித்தது. 1996-ல் விளையாட்டை உருவாக்கும்போது சோதனைக்காக அச்சடித்தவை என்று சில மாதிரிக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. தரநிர்ணயச் சான்றோடு பெரும் விலைக்குக் கைமாறின. வண்ண லேசர் அச்சுப்பொறிகளில் பல, தாளில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைப் போடும். கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு அது. எந்த நாளில் அச்சானது என்பதும் அதில் பொதிந்திருக்கும். சில ரசிகர்கள் கார்டை ஸ்கேன் செய்து நிறத்தை மாற்றி அந்தப் புள்ளிகளைப் படித்தார்கள். அவற்றில் பல கார்டுகள் காட்டிய ஆண்டு 2024.

நிபுணர்கள் விட்டதை ரசிகர்கள் பிடித்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் எண்ணை நம்பியவர்கள் ஏமாந்தார்கள்; கார்டையே உற்றுப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள்.

பெட்டிச் செய்தி: சேர்க்கத் தொடங்குகிறவருக்கு

• ஒரு சிறிய எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓவியர், ஒரு ஜந்து, ஓர் ஆண்டு, ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்று இறங்கியவர் எதையும் முடித்ததில்லை.

• படத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகையும் மூலையையும் பாருங்கள். பழைய முதுகா, குறி உண்டா, ஷிரோகாகே எவ்வளவு?

• அச்சை உருப்பெருக்கியில் பாருங்கள். ஆலை அச்சில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான பூக்கோலமாகத் தெரியும். வீட்டு அச்சுப்பொறியில் சிதறிய தெளிப்பாகத் தெரியும்.

• ஈரம் முதல் எதிரி. பளபளப்புக் கார்டில் ஒருபுறம் தகடு, மறுபுறம் தாள். தாள் மட்டும் ஈரத்தை உறிஞ்சுவதால் கார்டு வில்லாக வளையும். மெல்லுறை, அதன்மேல் கடின உறை, பெட்டியில் சிலிக்கா ஜெல் என்பது அடிப்படை.

• வெயில் இரண்டாவது எதிரி. சுவரில் மாட்டிவைத்தால் முதலில் சிவப்பு வெளிறும்.

• 'ஓரிபா' எனப்படும், கடைக்காரரே கலந்து ஒட்டிய அதிர்ஷ்டப் பாக்கெட் பக்கம் போகாதீர்கள். அது சேகரிப்பல்ல, சீட்டுக் குலுக்கல்.

கலைக்கும் சத்தம்

பழைய முதுகுக்குப் போட்டிகளில் இடமில்லை என்று சொன்னோம். ஆனால் அதை ஏற்காத ஒரு கூட்டம் ஜப்பானில் இருக்கிறது. கியூ-உரா கார்டுகளை மட்டும் வைத்து, 1990-களின் விதிகளின்படியே, தங்களுக்குள் கூடி விளையாடுகிறார்கள். பரிசுப் பணம் இல்லை. நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லை. கார்டுகளுக்கு மெல்லுறை போட்டிருப்பார்கள், ஒன்றுக்கு இரண்டாகக்கூட. ஆனாலும் கலைக்கிறார்கள், வெட்டுகிறார்கள், விசிறிபோல் விரித்துப் பிடிக்கிறார்கள்.

இவர்களுடைய கார்டுகளைத் தரநிர்ணயத்துக்கு அனுப்பினால் இரண்டோ மூன்றோ வரும். மூலைகள் நைந்திருக்கும். சிலவற்றில் சிறுவயதில் பேனாவால் எழுதிய பெயர் இருக்கும். சந்தைக் கணக்கில் அது சேதம். அந்த மேஜையில் அது வெறும் உரிமையாளர் பெயர்.

பத்துக்குப் பத்து வாங்கிய லிசார்டோனுக்கும் மூலை நைந்த லிசார்டோனுக்கும் படம் ஒன்றுதான், பலமும் ஒன்றுதான்: 120 உயிர்ப்புள்ளி, 100 அடி. ஆனால் உறைக்குள் இருப்பது இதுவரை யாரையும் அடித்ததில்லை, இனியும் அடிக்கப்போவதில்லை. நைந்த லிசார்டோன் மேஜையில் இறங்குகிறது. அதன் சொந்தக்காரர் விதிப்படி இரண்டு எனர்ஜி கார்டுகளை எடுத்து ஒதுக்கி வைக்கிறார். நூறு அடி. எதிரே இருப்பவரின் பிக்காச்சு காலி. அவர் சிரித்துக்கொண்டே, ஷிரோகாகே விழுந்த தன் கட்டை அள்ளி மறுபடி கலைக்கத் தொடங்குகிறார்.